பொழுது மசங்குகிற மாதிரி



மயக்கம் என்றால் இன்று நமக்கு ஒரே பொருள்தான். வெயிலில் நின்ற பிள்ளை பொத்தென்று விழுகிறது, யாரோ சோடாவோடு ஓடி வருகிறார்கள். ஆனால் தொல்காப்பியத்தைத் திறந்து பாருங்கள். உயிர்மயங்கியல், புள்ளிமயங்கியல், வேற்றுமை மயங்கியல் என்று மூன்று இயல்களின் பெயரிலேயே இந்தச் சொல் இருக்கிறது. எழுத்தோடு எழுத்து கூடினால் மயக்கம். ஒரு வேற்றுமை இன்னொன்றின் இடத்தில் வந்தால் மயக்கம். ஐம்பூதங்களும் கலந்த இந்த உலகத்தையே மரபியல் மயக்கம் என்கிறது! கலத்தல்தான் இதன் பழம்பொருள். கலந்தால் எல்லை தெரியாது. எல்லை தெரியாவிட்டால் அறிவு தடுமாறும். அந்தத் தடுமாற்றத்தைத்தான் வள்ளுவர் 360ஆம் குறளில் காமத்தோடும் வெகுளியோடும் சேர்த்து வைத்தார்.

நினைவு தப்புவதைச் சொல்லும் இன்னொரு சொல்லான மூர்ச்சை வடமொழியிலிருந்து வந்தது, வந்த பொருளிலேயே நின்றுவிட்டது. மயக்கம் அப்படி நிற்கவில்லை. உயரம் உசரமாகவும் முயல் முசலாகவும் ஆவது போல, மயங்குதல் ஊர்வாயில் மசங்குதல் ஆயிற்று. பிள்ளையுண்டானவளுக்கு வரும் மசக்கையும் இந்தக் குடும்பம்தான். வெளிச்சமும் இருட்டும் கலக்கிற நேரத்தைப் 'பொழுது மசங்கிருச்சு' என்கிறோமே, அங்கே தொல்காப்பியர் சொன்ன கலப்பு அப்படியே உயிரோடு இருக்கிறது.

இதை நான் ஏட்டில் மட்டும் படிக்கவில்லை. என் அம்மா ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிட்டு வந்தார். ஒருநாள் மருத்துவரிடம், "எந்திரிச்சா பொழுது மசங்குற மாதிரி இருக்குய்யா" என்றார். மருத்துவருக்கு அது விளங்கவில்லை. "தலைசுத்தலா?" என்று அவரே கேட்டு, அவரே எழுதி, அதற்கு மாத்திரையும் கொடுத்தார். நாலாம் நாள் அம்மா முற்றத்தில் விழுந்தார்.

தலைசுற்றல் வேறு, கண் இருட்டுவது வேறு. உலகமே சுழன்றால் பெரும்பாலும் காதின் உட்புறத்தில் கோளாறு. எழுந்து நிற்கையில் ரத்தம் காலில் தங்கி, அழுத்தம் இறங்கி, மூளைக்குப் போவது குறைந்தால் கண் இருட்டும். பசியில் வருவது இன்னொன்று. நம் பெரியவர்கள் இவற்றையெல்லாம் ஒரே பெயரால் அழைக்கவில்லை. கிறுகிறுப்பு என்றார்கள், கண்ணைக் கட்டுது என்றார்கள், கிறக்கம் என்றார்கள். நாமோ எல்லாவற்றையும் 'மயக்கம்' என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டோம். எனக்கு இதில் மிகுந்த வருத்தம் உண்டு.

வேறொரு மருத்துவரிடம் போனோம். அதே சொல்லைத்தான் அம்மா சொன்னார். "மசங்குறதுன்னா என்னம்மா?" என்று அவர் கேட்டார். அம்மா சன்னலைக் காட்டினார். வெளியே அந்தி இறங்கிக்கொண்டிருந்தது. மருத்துவர் அம்மாவைப் படுக்கவைத்து ரத்த அழுத்தம் பார்த்தார், நிற்கவைத்தும் பார்த்தார். நின்றதும் அது சரிந்தது. மாத்திரையின் அளவைக் குறைத்தார். பிறகு சீட்டின் ஓரத்தில் 'மசங்குது' என்று தமிழிலேயே எழுதிக்கொண்டார்.