முதலில் யாரைக் கேட்கிறார் விவசாயி?



பூச்சியியல், வேளாண் விரிவாக்கம், பொருளியல் ஆகிய மூன்று துறையினரும் ஒன்றாகக் கூடியிருக்கும் கருத்தரங்கு இது. காலநிலைக்கு இசைந்த பூச்சி மேலாண்மைக்கு ஒரு விவசாயி மாறுகிறார் என்றால் அவரை மாற்றுவது எது என்பதே இங்கு எடுத்துக்கொண்ட பொருள். அதைச் சேலம் மாவட்டத்து மரவள்ளிக் காட்டிலிருந்து தொடங்கலாம்.

மாவுப்பூச்சி விழுந்த மரவள்ளியின் கொழுந்து முறுக்கிக்கொண்டு நிற்கும். கணுக்கள் நெருங்கி, இலைகள் கொத்தாகிவிடும். கொழுந்தைப் பிரித்தால் உள்ளே வெள்ளை மாவு. இந்தியாவில் முதன்முதலாக 2020-இல் கேரளத்தின் திருச்சூரில் கண்டறியப்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி, நடவுக்குச்சிகளோடு சேர்ந்து பயணப்படக்கூடியது. சேலம், நாமக்கல் வட்டாரத்துக்கும் அது வந்து சேர்ந்தது. ஜவ்வரிசி ஆலைகளை நம்பிக் கிழங்கு போடும் மண் அது. பூச்சியின் உடம்பைப் போர்த்தியிருக்கும் மெழுகுப் பூச்சு, அடிக்கிற மருந்தை உள்ளே விடாது. அடித்தவர்கள் காசை இழந்தார்கள். பூச்சி இருந்த இடத்திலேயே இருந்தது.

2022 மார்ச்சில், ஏத்தாப்பூரிலுள்ள மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு குளவி பறக்கவிடப்பட்டது. பெயர் அனாகைரஸ் லோபெஸி. பெனின் நாட்டிலிருந்து தருவிக்கப்பட்டது. இரண்டு மில்லிமீட்டர்கூட நீளமில்லாத உயிர். இதே மாவுப்பூச்சி 1970களிலிருந்து ஆப்பிரிக்காவின் மரவள்ளியை அழித்துக்கொண்டிருந்தபோது, தென் அமெரிக்காவில் தேடிக் கண்டுபிடிக்கப்பட்டு அங்கே கொண்டுசெல்லப்பட்டது இந்தக் குளவிதான். அந்தப் பணிக்குத் தலைமை தாங்கிய ஹான்ஸ் ஹெரன் 1995-இல் உலக உணவுப் பரிசு பெற்றார். குளவி மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையிடும். உள்ளே வளரும் புழு பூச்சியைத் தின்று தீர்க்க, மேல்தோல் பழுப்பேறி உமிபோல் விறைத்துவிடும். பிறகு அதில் வட்டமாக ஓட்டை போட்டுக்கொண்டு புதுக் குளவி வெளியேறும். லென்ஸ் வழியே அந்த ஓட்டையை ஒருமுறை பார்த்த விவசாயியிடம் அதற்குமேல் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

தமிழ்நாட்டுக்கு இது புதிதல்ல. 2008-இல் கோவையில் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளியோடு நிற்காமல் மரவள்ளி, மல்பெரி, பருத்தி என்று பரவியது. மல்பெரிக்காரர்களின் நிலை எல்லோரையும்விட இக்கட்டானது. இலையில் விஷம் பட்டால் பட்டுப்புழு செத்துவிடும். 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த ஒட்டுண்ணிக் குளவிகள் அவர்களை மீட்டன. மருந்தே அடிக்க முடியாத விவசாயிக்குக் குளவியை ஏற்பதில் தயக்கம் ஏது?

தயக்கம் மற்றவர்களிடம்தான். அதன் வேரைப் பேச்சிலேயே காணலாம். பயிருக்கு அடிப்பதைப் பூச்சிக்கொல்லி என்று ஊரில் யாரும் சொல்வதில்லை, மருந்து என்பார்கள். விற்குமிடம் மருந்துக்கடை. “பக்கத்துல எல்லாம் அடிச்சிட்டாங்க, நீங்க இன்னும் அடிக்கலையா?” என்று வரப்பில் போகிறவர் கேட்பது, வீட்டில் காய்ச்சலோடு பிள்ளையை வைத்துக்கொண்டு வைத்தியம் பார்க்காதவரைக் கேட்பது போலவே இருக்கும். மருந்து அடிக்காதவர் பொறுப்பில்லாதவர் என்று பெயரெடுக்கிறார். அந்தப் பெயருக்கு அஞ்சி அடிப்பவர்கள் பூச்சிக்கு அஞ்சி அடிப்பவர்களைவிட எண்ணிக்கையில் குறைந்தவர்கள் அல்லர்.

இன்னொன்று கடன். விதை, உரம், மருந்து மூன்றும் ஒரே கடையில் அறுவடைக் கணக்கில் கிடைக்கின்றன. இலையைக் கிள்ளிக்கொண்டு போய்க் காட்டினால் கடைக்காரர் அந்த நொடியே ஒரு பாட்டிலை எடுத்துக் கொடுக்கிறார். பணத்தைப் பிறகு வாங்கிக்கொள்கிறார். வேளாண் அலுவலருக்கோ பல கிராமங்கள். கடைக்காரரைக் குறைசொல்லிப் பயனில்லை. விவசாயி கேட்கும் நேரத்தில் கேட்கும் இடத்தில் அவர் இருக்கிறார். பூச்சி விழுந்த வாரத்தில் விவசாயி முதலில் யாரைக் கேட்கிறார் என்ற கேள்விக்கு விடை தெரிந்தால், அவர் என்ன செய்யப்போகிறார் என்பதில் பாதி தெரிந்துவிடும்.

அடிக்கத் தூண்டும் அச்சத்தை ஆழமாகப் புரிந்துகொண்டு வேலை செய்த இடம் வியட்நாமின் மீகாங் கழிமுகம். நெல் பச்சை பிடித்த சில வாரங்களில் இலைச்சுருட்டுப் புழு வரும். இலை சுருண்டு, வெளுத்து, வயலே பாழானதுபோல் தோன்றும். உழவர் கைத்தெளிப்பானை எடுப்பார். இளம் நெல்லோ புது இலையும் தூரும் விட்டு அந்த இழப்பைப் பெரும்பாலும் ஈடுகட்டிவிடும். சேதம் கண்ணுக்குப் பெரிது, களத்துமேட்டில் சிறிது. சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் பூச்சியியலாளர் ஹியோங்கும், தகவல் தொடர்பு ஆய்வாளர் எஸ்கலாடாவும் இந்த இடைவெளியைப் பிடித்துக்கொண்டார்கள். 1994-இல் லாங் ஆன் மாகாணத்தில் எழுந்த பிரசாரத்துக்கு ஒரே ஒரு செய்தி: முதல் 40 நாள் பூச்சிக்கொல்லி வேண்டாம். நம்புங்கள் என்று அவர்கள் கேட்கவில்லை. வயலில் ஒரு சிறு பகுதியை மட்டும் அடிக்காமல் விட்டு, அறுவடையில் நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள் என்றார்கள். வானொலியில் குறுநாடகங்கள் ஒலித்தன. தெளிப்பு பாதியளவுக்குக் குறைந்தது.

அந்த ஒரு மூலை நிலம் செய்த வேலையை எத்தனை பயிற்சி வகுப்பும் செய்திருக்காது. முழு வயலையும் பணயம் வைக்கச் சொன்னால் யார்தான் துணிவார்? குத்தகைக்கு உழுகிறவருக்கு ஒரு பருவம் தவறுவது ஒரு வருடச் சோறு.

இந்தோனேசியாவில் மாற்றம் மேலிருந்தும் வந்தது. அங்கே நெல்லைப் புகையான் என்ற பூச்சி அழித்தது. மருந்து கூடக் கூடப் புகையானும் கூடியது. காரணம் எளிது. புகையானின் முட்டை இலையுறைக்குள் பத்திரமாக இருக்கும். மருந்தில் சாவது அதைத் தின்னும் சிலந்தியும் நாவாய்ப்பூச்சியும்தான். முட்டை பொரிந்து வெளிவரும் குஞ்சுகளுக்கு எதிரியே இருக்காது. 1986 நவம்பரில் அதிபர் சுகார்த்தோ 57 மருந்துகளை நெல்லுக்குத் தடை செய்தார். மருந்துக்கு அரசு கொடுத்துவந்த மானியமும் 1989 தொடக்கத்துக்குள் அகன்றது. அதே ஆண்டு உழவர் வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கின. மரத்தடியில் உழவர்கள் ஒரு பெட்டிக்குள் சிலந்தியையும் புகையானையும் ஒன்றாக அடைத்துவைத்து, மறுநாள் எத்தனை மிச்சம் என்று எண்ணினார்கள். வயலில் கண்டதைப் படமாக வரைந்து, இந்த வாரம் அடிப்பதா வேண்டாமா என்று தங்களுக்குள் வாதாடினார்கள். மானியம் அப்படியே இருந்து பள்ளி மட்டும் நடந்திருந்தால் இத்தனை தூரம் போயிருக்காது என்பதே இவ்வுரையின் துணிபு. மலிவாகக் கிடைக்கும் விஷத்தோடு அறிவு மட்டும் போட்டியிட முடியாது.

பிரிக்கப்படாத ஆந்திரத்திலும் ஒரு பாடம் உண்டு. அன்றைய கம்மம் மாவட்டத்துப் புனுகுலா கிராமம் பருத்திக்கு மருந்து வாங்கியே கடனில் மூழ்கியது. 2000களின் தொடக்கத்தில் அது மருந்தையே கைவிட்டது. அங்கே முன்நின்றவர்கள் பெண்கள் சுயஉதவிக் குழுவினர். வேப்பங்கொட்டை இடிப்பது தொடங்கிக் கடைக்கடனிலிருந்து விலகுவது வரை குழுவாகச் செய்தார்கள். பிறகு அந்த மாநிலத்தின் பெண்கள் குழுக்கள் வழியாகவே இந்த முறை ஆயிரக்கணக்கான கிராமங்களுக்குப் போனது. சேமிப்பும் கடனும் குழுவின் கையில் இருந்ததால் கடைக்காரரைக் கேட்கவேண்டிய கட்டாயம் தளர்ந்தது.

கரும்பில் வேறொரு வழி. இடைக்கணுப் புழுவுக்கு டிரைக்கோகிரம்மா என்னும் முட்டை ஒட்டுண்ணிக் குளவியின் அட்டையைச் சர்க்கரை ஆலைகள் தம் ஆய்வகங்களில் தயாரித்துத் தோட்டத்துக்கே கொண்டுவந்து சேர்த்தன. அட்டையை இலையடியில் கட்ட வேண்டும். நாலாம் மாதத்திலிருந்து பதினைந்து நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். வரவேண்டிய நாளுக்கு அட்டை வராமல் வழியிலேயே குளவி பொரிந்துவிட்டால், கையில் மிஞ்சுவது ஒட்டுக்காகிதம். எறும்பு மொய்த்தாலும் அதே கதி. அப்படி ஒருமுறை ஏமாந்த விவசாயி அடுத்த பருவம் அட்டையைத் தொடமாட்டார். மனமாற்றத்தைப் பற்றி நீளமாக எழுதும் ஆய்வுகள், அட்டை எந்தக் கிழமை வந்தது என்பதையும் ஒரு வரி எழுத வேண்டும்.

காலநிலைக்கு வருவோம். வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் நெல், கோதுமை, மக்காச்சோளத்தில் பூச்சியால் வரும் இழப்பு 10 முதல் 25 சதவீதம் கூடும் என்று 2018-இல் வெளியான ஓர் உலகளாவிய கணிப்பு சொல்கிறது. யூரியாவை அள்ளிப் போட்ட நெல்லைப் புகையான் விரும்பித் தேடிவரும். அதே யூரியாவிலிருந்து கிளம்பும் நைட்ரஸ் ஆக்சைடு, கரியமில வாயுவைப்போல் சுமார் 273 மடங்கு சூடேற்றும். ஆக உரத்தை அளவோடு நிறுத்துவது ஒரே வேளையில் பூச்சி மேலாண்மையும் காலநிலைப் பணியும் ஆகும். வியட்நாம் 2000களில் பரப்பிய ‘மூன்று குறைவு, மூன்று பெருக்கம்’ திட்டம் இதைக் காலநிலை என்ற பெயரில் விற்கவில்லை. விதை, உரம், மருந்தைக் குறை. விளைச்சல், தரம், லாபம் பெருகும் என்றது. உழவர் செலவுக்கணக்கைப் பார்த்து வந்தார். காலநிலைக்கான பலன் கூடவே வந்தது. விவசாயிக்குக் காலநிலை விழிப்புணர்வு இல்லை என்று வருந்தும் கட்டுரைகள் இதைக் கருத வேண்டும்.

இங்கே கட்டுரை படிக்க வந்திருக்கும் ஆய்வாளர்களிடம் தலைமையின் சார்பில் இரண்டு வேண்டுகோள். பயிற்சிக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்ற எண்ணிக்கையோடு நிறுத்திவிடாமல், மூன்றாவது பருவத்தில் எத்தனை பேர் தொடர்ந்தார்கள் என்று திரும்பிப் போய்ப் பாருங்கள். விட்டுவிட்டவர்களிடம் ஏன் விட்டீர்கள் என்று கேளுங்கள். அவர்களுடைய பதில்தான் இந்தத் துறையில் மிகக் குறைவாக எழுதப்பட்டிருக்கிறது. அடுத்தது, வினாத்தாளின் முதல் கேள்வியாக ‘பூச்சியைக் கண்டதும் முதலில் யாரிடம் கேட்டீர்கள்?’ என்பது இருக்கட்டும்.

பிற்பகல் அமர்வுக்கு விவசாயிகள் சிலர் அழைக்கப்பட்டிருக்கிறார்கள். தத்தம் காட்டிலிருந்து பூச்சி விழுந்த இலையோ கொழுந்தோ ஒன்று கொண்டுவரும்படி அவர்களிடம் சொல்லியிருக்கிறது. மேடையோரத்து மேசையில் லென்ஸ்கள் வைக்கப்பட்டுள்ளன. கட்டுரைகள் அதன்பிறகு வாசிக்கப்படும்.