கம்ப்யூட்டர் வாங்கும் முன் ஐந்து கேள்விகள்
தொடர்கல்வி மையத்தில் ஒரு தன்னார்வத் தொண்டர் பேசியது

 

இன்று நாம் பாடப் புத்தகத்தைத் திறக்கப் போவதில்லை. வேறு ஒரு விஷயம் பேசப் போகிறோம். வருகிற வெள்ளிக்கிழமை நம் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் பி.டி.ஏ. கூட்டம். பள்ளிக்கு நான்கு கம்ப்யூட்டர் வாங்கப் போகிறார்களாம். ஒன்றின் விலை 35,000 ரூபாய். நான்குக்கு 1,40,000 ரூபாய். பழைய மாணவர்கள் ஒரு லட்சம் தருகிறார்கள். மீதி 40,000 ரூபாயை 200 வீடுகளில் வசூல் செய்யப் போகிறார்கள். வீட்டுக்கு 200 ரூபாய்.

நேற்று ஒரு அக்கா என்னிடம் சொன்னார்: "தங்கச்சி, பணத்தைக் கொடுத்துவிடலாம். ஆனால் கம்ப்யூட்டர் வாங்குவது படித்தவர்கள் விஷயம். அந்தக் கூட்டத்தில் நாம் போய் என்ன பேசுவது?"

அந்த அக்காவுக்குப் பதில் சொல்லத்தான் இன்று பேசுகிறேன். முதலில் என் சொந்தக் கதையைச் சொல்கிறேன்.

நான் பிறந்தது இந்தச் சித்தூர் பக்கம் இல்லை. இடுக்கியில், தேவிகுளம் தாலூகாவில், ஒரு தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்தேன். என் அம்மா கொழுந்து பறிக்கிறவர். நான் ஆறாவது படித்தபோது எங்கள் பள்ளிக்கும் இதேபோல் கம்ப்யூட்டர் வந்தது. வெளியூரில் இருந்து ஒருவர் பாதிப் பணம் கொடுத்தார். மீதியை லயத்துக்காரர்கள் கொடுத்தார்கள். ஆளுக்கு ஒரு நாள் கூலி. அன்று எங்கள் பள்ளியில் பாயசம் வைத்தார்கள்.

என் அம்மா பி.டி.ஏ. கமிட்டியில் இருந்தார். பொருள் வந்து சேர்ந்தது என்று ஒரு காகிதத்தில் கைநாட்டு வைத்தார். அதில் என்ன எழுதியிருந்தது என்று அம்மாவுக்குத் தெரியாது. யாரும் படித்துச் சொல்லவும் இல்லை.

மலையில் மழைக்காலம் என்றால் கரண்டு போவதும் வருவதுமாக இருக்கும். சில மாதங்களில் பேட்டரி போயிற்று. பிறகு ஒவ்வொரு கம்ப்யூட்டராகப் படுத்துவிட்டது. "ரிப்பேருக்குப் பணம் இல்லை" என்றார்கள். மேலே துணி போட்டு மூடி, அறையைப் பூட்டிவிட்டார்கள். இரண்டு ஆண்டு கழித்து அந்தக் காகிதத்தை ஒரு ஆசிரியர் எடுத்துப் பார்த்தார். "ஒரு ஆண்டுக்குள் பழுதானால் இலவசமாகச் சரி செய்து தரப்படும்" என்று அதில் இருந்தது. பழுதானது ஒரு ஆண்டுக்குள்தான். கேட்டிருந்தால் சரி செய்து தந்திருப்பார்கள். கேட்கத்தான் ஆள் இல்லை.

நான் எட்டாவதுக்கு வேறு பள்ளிக்குப் போனேன். அங்கே மற்றப் பிள்ளைகள் மவுஸைச் சுலபமாக நகர்த்தினார்கள். எனக்குக் கை நடுங்கியது. அம்மா ஒரு நாள் முழுக்க மழையில் நின்று சம்பாதித்த கூலி பூட்டிய அறையில் கிடக்கிறதே என்று அன்று நினைத்தேன்.

இப்போது சொல்லுங்கள். இது படித்தவர்கள் விஷயம் மட்டும்தானா?

நாம் மாடு வாங்கப் போனால் என்ன செய்கிறோம்? பல்லைப் பார்க்கிறோம். மடியைப் பார்க்கிறோம். எத்தனையாவது ஈற்று என்று கேட்கிறோம். தீவனத்துக்கு வழி இருக்கிறதா, கட்ட இடம் இருக்கிறதா என்று யோசிக்கிறோம். மாட்டு டாக்டர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்றும் பார்க்கிறோம். கம்ப்யூட்டரும் அப்படித்தான். வாங்கும் விலை ஒன்று. வைத்துக் காப்பாற்றும் செலவு வேறு ஒன்று. கேட்க வேண்டிய கேள்விகள் ஐந்து. எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் கேள்வி: ஏற்கனவே என்ன இருக்கிறது?

நம் கேரளத்தில் பள்ளிகளுக்குக் கம்ப்யூட்டர் கொடுக்கும் வேலை 2001-ஆம் ஆண்டு ஐ.டி. அட் ஸ்கூல் என்ற பெயரில் தொடங்கியது. 2017-இல் அது கைட் என்ற அரசு நிறுவனமாக மாறியது. 2018 ஜனவரியில் ஹைடெக் பள்ளித் திட்டம் தொடங்கியது. எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை 45,000 வகுப்பறைகளை அதில் எடுத்துக்கொண்டார்கள். பிறகு சிறிய வகுப்புகளுக்கும் சாமான்கள் வந்தன. கிஃப்பி என்னும் அரசு நிதி நிறுவனம் பணம் கொடுத்தது. 2020 அக்டோபரில் எல்லா அரசுப் பள்ளிகளுக்கும் உதவிபெறும் பள்ளிகளுக்கும் கொடுத்து முடித்ததாக அரசு அறிவித்தது. லேப்டாப் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல்.

ஆகவே, நம் பள்ளியிலும் ஏதாவது இருக்கும். ஸ்டாக் ரிஜிஸ்டர் என்று ஒரு நோட்டு உண்டு. அதைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். எத்தனை ஓடுகிறது? எத்தனை ஓடவில்லை? ஓடாததைச் சரி செய்ய எவ்வளவு ஆகும்? புதியது வாங்கும் முன் இது தெரிய வேண்டும்.

இரண்டாவது கேள்வி: எதற்காக வாங்குகிறோம்?

தென் அமெரிக்காவில் பெரு என்று ஒரு நாடு இருக்கிறது. மலையும் காடும் நிறைந்த நாடு. அங்கே 2008 முதல் பள்ளிப் பிள்ளைகளுக்கு எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட சிறிய லேப்டாப்புகள் கொடுத்தார்கள். 2012-இல் ஒரு ஆய்வு வெளிவந்தது. பிள்ளைகள் கம்ப்யூட்டரைக் கையாளக் கற்றுக்கொண்டார்கள். ஆனால், கணக்கிலும் மொழியிலும் முன்னேற்றம் தெரியவில்லை. ஏன்? கருவி வந்தது. அதை வைத்துப் பாடம் நடத்தும் பயிற்சி ஆசிரியர்களுக்குப் போதிய அளவு கிடைக்கவில்லை.

அதனால் கேளுங்கள். எந்த வகுப்புப் பிள்ளைகளுக்கு? வாரத்தில் எத்தனை மணி நேரம்? யார் சொல்லிக் கொடுப்பார்கள்? அந்த ஆசிரியர் பயிற்சி பெற்றவரா?

நம் பிள்ளைகள் இன்னொன்றும் கேட்பார்கள். "பொள்ளாச்சியில் மாமா வீட்டு அண்ணனுக்கு லேப்டாப் கையில் கொடுத்தார்களே, எங்களுக்கு ஏன் இல்லை?" தமிழ்நாட்டில் 2011-இல் இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியது. அது மாணவர் கையில் கொடுக்கும் வழி. கேரளம் வகுப்பறையில் வைக்கும் வழியை எடுத்தது. கையில் கொடுத்தால் பிள்ளை வீட்டிலும் படிக்கலாம். வகுப்பறையில் வைத்தால் அடுத்தடுத்து வரும் பிள்ளைகளுக்கும் பயன்படும். இரண்டிலும் நன்மை உண்டு. எதற்காக என்று தெரிந்து எடுத்தால் சரி.

மூன்றாவது கேள்வி: உள்ளே என்ன மென்பொருள்? அதில் தமிழ் இருக்கிறதா?

கம்ப்யூட்டர் உடம்பு என்றால், மென்பொருள் அதன் அறிவு. இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, கம்பெனிக்குப் பணம் கட்டி அனுமதி வாங்குவது. மற்றது, கட்டற்ற மென்பொருள். இது விதை போன்றது. சில விதையை ஒவ்வொரு ஆண்டும் கடையில்தான் வாங்க வேண்டும். சில விதையை நாமே எடுத்து வைக்கலாம். பக்கத்து வீட்டுக்கும் கொடுக்கலாம். கட்டற்ற மென்பொருள் இரண்டாவது வகை. அதைப் படி எடுக்கலாம், மாற்றலாம், பகிரலாம். யாருக்கும் பணம் கட்ட வேண்டாம்.

நம் கேரளப் பள்ளிகள் இந்த வழியைத்தான் தேர்ந்தெடுத்தன. குனு லினக்ஸ் என்ற கட்டற்ற மென்பொருளைப் பள்ளிக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கிறார்கள். ஆசிரியர்களுக்கும் அதில்தான் பயிற்சி. இதனால் சுமார் 3,000 கோடி ரூபாய் மிச்சமானது என்று 2019-இல் கைட் கணக்குச் சொன்னது. ஆகவே, கடைக்காரர் மென்பொருளுக்குத் தனி விலை சொன்னால், "இது நம் பள்ளிக்குத் தேவையா?" என்று கேளுங்கள்.

அடுத்தது தமிழ். கேரளத்தில் எஸ்.எஸ்.எல்.சி. தேர்வை மலையாளம், ஆங்கிலம், தமிழ், கன்னடம் ஆகிய நான்கு மொழிகளில் எழுதலாம். சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கமும், மூணாறு, மறையூர், வண்டிப்பெரியார் பக்கமும் நிறையப் பிள்ளைகள் தமிழில் படிக்கிறார்கள். கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்து வர வேண்டும். தமிழில் தட்டச்சு செய்ய முடிய வேண்டும். வாங்கும் முன் ஒரு பிள்ளையை உட்காரவைத்து அதன் பெயரைத் தமிழில் அடிக்கச் சொல்லுங்கள். வந்தால் சரி. வராவிட்டால், வரும்படி செய்து தந்த பிறகு பணம் கொடுக்கலாம்.

நான்காவது கேள்வி: கெட்டுப்போனால் யார் சரி செய்வார்கள்?

ஹைடெக் திட்டத்தில் வாங்கிய சாமான்களுக்கு ஐந்து ஆண்டு உத்தரவாதமும் காப்பீடும் சேர்த்தே வாங்கினார்கள். அது நல்ல முன்மாதிரி. கணக்குப் போட்டுப் பாருங்கள். 2019-இல் வந்த பொருளுக்கு 2024-இல் உத்தரவாதம் முடிந்துவிடும். அதற்குப் பிறகு செலவு நம் தலையில். ஆகவே, உத்தரவாதம் எத்தனை ஆண்டு, எந்தத் தேதியில் முடிகிறது என்று கேளுங்கள். அந்தத் தேதியை அலுவலகச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டச் சொல்லுங்கள். எங்கள் லயத்துப் பள்ளியில் அப்படி ஒரு காகிதம் சுவரில் இருந்திருந்தால், அந்த அறை பூட்டிக் கிடந்திருக்காது.

ஐந்தாவது கேள்வி: எங்கே வைப்போம்? மொத்தச் செலவு என்ன?

ஹைடெக் திட்டத்தில் ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது. சாமான் அரசு கொடுக்கும். ஆனால், அறை முதலில் தயாராக வேண்டும். தரை, கூரை, வயரிங், பூட்டுள்ள கதவு எல்லாம் சரியாக இருக்க வேண்டும். இதற்குப் பல இடங்களில் பஞ்சாயத்தும், எம்.எல்.ஏ. நிதியும், பி.டி.ஏ.வும் உதவின.

நம் பள்ளிக் கணக்கைப் பார்ப்போம். கையில் 1,40,000 ரூபாய். நான்கு கம்ப்யூட்டர் வாங்கினால் எல்லாம் தீர்ந்துவிடும். மேசைக்கு? வயரிங்குக்கு? கரண்டு போனால் தாங்கும் யு.பி.எஸ்.ஸுக்கு? ரிப்பேருக்கு? ஒரு ரூபாயும் மிஞ்சாது. மூன்று வாங்கினால் 1,05,000 ரூபாய். மீதி 35,000 ரூபாய் இருக்கும். அதை இந்தச் செலவுகளுக்கு வைக்கலாம். ஓடும் மூன்று கம்ப்யூட்டர் மேலா, துணி போட்டு மூடிய நான்கு மேலா? நீங்களே சொல்லுங்கள்.

இன்னொன்று. 200 ரூபாய் வீட்டுக்கு வீடு வாங்கும் முன், வேறு வழி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். நம் பள்ளி அரசு யு.பி. பள்ளி. அது கிராமப் பஞ்சாயத்தின் பொறுப்பில் இருக்கிறது. உயர்நிலைப் பள்ளி என்றால் மாவட்டப் பஞ்சாயத்து. 1996-இல் மக்கள் திட்டம் தொடங்கியது முதல், திட்டப் பணத்தில் ஒரு பங்கு பஞ்சாயத்துக்கு வருகிறது. எதற்குச் செலவு செய்வது என்று கிராம சபையில் பேச நமக்கு உரிமை உண்டு. மூன்று மாதத்துக்கு ஒரு முறை கிராம சபை கூட வேண்டும் என்பது சட்டம். "பள்ளி அறைக்கு வயரிங் வேண்டும்" என்று ஒரு காகிதத்தில் எழுதி வார்டு மெம்பரிடம் கொடுக்கலாம். அயல்கூட்டத்தில் பேசி, எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் இன்னும் நல்லது.

அக்காமார்களே, நான் ஆசிரியர்களைக் குறை சொல்லவில்லை. உதவி செய்கிறவர்களையும் குறை சொல்லவில்லை. அவர்கள் நல்ல மனதோடு கொடுக்கிறார்கள். அந்த நல்ல மனது வீணாகக் கூடாது என்றுதான் சொல்கிறேன். கேள்வி கேட்பது சண்டை போடுவது இல்லை. 200 ரூபாய் கொடுக்கிறவருக்கு அதன் கணக்கைக் கேட்கும் உரிமை உண்டு. கணக்கு வேண்டாம் என்று ஹெட்மாஸ்டரும் சொல்ல மாட்டார்.

இன்றைய வீட்டுப்பாடம் இதுதான். ஐந்து கேள்விகளையும் உங்கள் நோட்டில் உங்கள் கையால் எழுதுங்கள். எழுத்துப் பிழை இருந்தால் பரவாயில்லை. வெள்ளிக்கிழமை அந்த நோட்டைக் கையில் கொண்டுபோங்கள். ஆளுக்கு ஒரு கேள்வி கேளுங்கள். கூட்டத்தில் ஏதாவது காகிதம் நீட்டினால், முதலில் படியுங்கள். புரியாத இடத்தைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். அதன் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

என் அம்மாவுக்கு இப்போது 55 வயது. சென்ற ஆண்டு எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டார். போன வாரம் போனில் என்னிடம் சொன்னார்: "அன்றைக்கு எனக்கு இந்த எழுத்துத் தெரிந்திருந்தால், அந்தக் காகிதத்தைப் படித்திருப்பேனே மகளே!"

அம்மாவுக்கு அன்று தெரியவில்லை. உங்களுக்கு இன்று தெரியும். வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு வாருங்கள். எல்லோரும் சேர்ந்தே போகலாம்.