அறியாதார்க்கு விற்றல்

(நம் சங்கத்தின் திருச்சிராப்பள்ளி மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வீட்டிற் கிடக்கும் பழம்பொருளை இணையத்தின் வாயிலாக, முன்பின் அறியாத ஒருவர்க்கு இழப்பின்றி விற்பது எங்ஙனம் என்பது குறித்துப் பேசுமாறு காரியதரிசியவர்கள் எம்மைப் பணித்தனர். தமிழாசிரியர்க்கு இப்பொருளோ என்று சிலர் முறுவலிப்பதைக் காண்கின்றோம். ஆயினும் சிலப்பதிகாரம் கற்றார்க்கு இஃது அயலான பொருளன்று. கோவலன் தன் மனைவியோடும் கவுந்தியடிகளோடும் நம் திருவரங்கத்தின் வழியே வந்து, ஓடமேறிக் காவிரியைக் கடந்து, உறையூரை அடைந்து, பின்னர் மதுரைக்குச் சென்றான். அங்கு அவன் செய்யப் புகுந்தது ஒரு விற்பனையே. ஊர் புதிது, வாங்க வந்தவன் முகமும் புதிது, பொருளோ விலைமதிப்பரிய ஒற்றைச் சிலம்பு. வந்தவன் பேரம் பேசவில்லை. பொருளை வானளாவப் புகழ்ந்தான். அரண்மனையில் தனக்குள்ள செல்வாக்கைக் காட்டிக்கொண்டான். அரசர்க்கு அறிவித்து வருமளவும் இங்கேயே இருமென்று சொல்லிப் போனான். பின் நிகழ்ந்தது நாடறியும். (ஒருவன் செய்த தீமையைக்கொண்டு பொற்றொழிலாளர் அனைவரையும் பழித்தல் தகாதென்பதை இடையே கூறிவைக்கின்றோம்.) புகழ்ச்சி, பெரும்பதவியின் பெயர், பேரம் பேசாத இசைவு ஆகிய இம்மூன்றுமே இன்றைய இணைய வஞ்சகனுக்கும் கருவிகளாய் உள்ளன.

முன்பு நம் வீதிகளில் அறியாதார்க்கு விற்றல் இல்லாமலில்லை. சித்திரை வீதியிலும் உத்தர வீதியிலும் பழைய இரும்புக்கும் பித்தளைக்கும் பேரீச்சம்பழம் கூவி வந்தவர் எவ்வூரினர் என்று எவர் கேட்டார்? ஆயினும் தராசு நம் கண்முன் நின்றது. பழம் கைக்கு வந்த பின்னரே ஓட்டைக் குடம் அவர் கூடைக்குச் சென்றது. மணப்பாறை மாட்டுச் சந்தையில் விற்பவரும் வாங்குபவரும் துண்டின் மறைவில் விரல் பற்றி விலை பேசுவர். இருவரும் ஒருவரை யொருவர் அறியாராயினும், இருவரையும் அறிந்த தரகர் ஒருவர் நடுவே நிற்பார். பணம் எண்ணி முடியுமுன் கயிறு கைம்மாறாது.

இணையச் சந்தையில் அத்தரகர் இல்லை. ஓ.எல்.எக்ஸ். என்னும் நிறுவனம் 2006-ஆம் ஆண்டில் தோன்றியது. முகநூலிலும் சந்தைப்பகுதி உண்டு. இவை விளம்பரம் ஒட்டும் சுவரை ஒத்தன. அறியாதார் இருவர் இவ்வழி நேரே பேசிச் செய்துகொள்ளும் கொடுக்கல் வாங்கலுக்கு இந்நிறுவனங்கள் பிணை நிற்பதில்லை. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-ஆம் பிரிவும் இத்தகைய இடைநிலையாளர்க்குச் சில நிபந்தனைகளோடு காப்பு அளிக்கின்றது. ஆகலின் தரகர் செய்த வேலையை விற்பவரே செய்துகொள்ளல் வேண்டும்.

இதில் நம் குடும்பத்தார்க்கு யாது தொடர்பு எனின், கூறுதும். மைந்தர் சென்னையிலும் பெங்களூரிலும் கடல்கடந்தும் குடியேற, பெற்றோர் பெரிய வீட்டைவிட்டுத் தில்லைநகர் முதலிய இடங்களில் அடுக்குமாடி வீடுகளுக்குப் பெயர்கின்றனர். தேக்குக் கட்டிலும், ஊஞ்சற் பலகையும், ஆட்டுக்கல்லும் அங்குச் செல்ல இடமில்லை. வெளியூரிலிருக்கும் பேரன் படம் பிடித்து விளம்பரம் ஏற்றிவிடுகின்றான்; தொலைபேசி மணி அடிப்பதோ பாட்டியின் கையில்!

அண்மையில் திருவரங்கத்தில் நம் சமூகத்து மூதாட்டி ஒருவர்க்கு நேர்ந்ததை, அவர் இசைவு பெற்றே, பெயர் மறைத்துக் கூறுகின்றோம். மாமனார் காலத்து ஊஞ்சலுக்கு 15,000 ரூபாய் விலை குறித்து விளம்பரம் ஏறிற்று. சிறிது நேரத்துள் ஒருவன் அழைத்தான். தான் படை அதிகாரியென்றும், திருச்சிக்கு மாற்றலாகி வருவதாகவும், குறித்த விலையே தருவதாகவும், ஊஞ்சலை எடுத்துவர வண்டி அனுப்புவதாகவும் உரைத்தான். சீருடையணிந்த படமும் அடையாள அட்டையும் வந்தன. நம் நகரில் கண்டோன்மென்ட் என்றே ஒரு பகுதியுண்டு. படைக்கலத் தொழிற்சாலையும் உண்டு. ஆகவே அம்மையார் ஐயுறவில்லை. படைக் கணக்கிலிருந்து பணம் வரும் முறை வேறென்று சொல்லி, அவன் முதலில் ஒரு ரூபாய் அனுப்பச் செய்து, இரண்டாகத் திருப்பினான். அம்மையார்க்கு நம்பிக்கை முற்றியது. அடுத்துக் கட்டங்கட்டமான கியூ.ஆர். குறியொன்று வந்தது. அதனைக் கைப்பேசியால் நோக்கி, பின் எண்ணை இட்டால் 15,000 சேருமென்றான். இட்டார்; 15,000 போயிற்று. பிழை நேர்ந்துவிட்டதம்மா, மீண்டும் அவ்வாறே செய்தால் இரண்டும் சேர்ந்து வருமென்றான். மீண்டும் 15,000 போயிற்று.

அம்மையார் பேதையென்று எவரும் எண்ணவேண்டா. 2021-ஆம் ஆண்டு பிப்ரவரியில் தில்லியில் அரசின் உயர்ந்த பதவியிலிருந்தவர் ஒருவரின் குடும்பத்தினர், பழைய சோபா ஒன்றை இணையத்தில் விற்கப் புகுந்து, இதே முறையில் 34,000 ரூபாய் இழந்தனர். அங்கும் முதலிற் சிறுதொகை வந்தது. பின்னர்க் குறி வந்தது. 2022 மார்ச்சில் ரிசர்வ் வங்கி மக்களை எச்சரித்து வெளியிட்ட சிறுநூலிலும், வாங்குவார் போல வந்து, தொலைவிடத்தே பணிபுரியும் படையினர் எனச் சொல்லிக்கொள்ளும் வஞ்சகரைப் பற்றித் தனியே எழுதியுள்ளனர். மெய்யான படைவீரர் நல்லோர்; அவர்பால் நாம் கொண்ட மதிப்பே வஞ்சகனுக்கு முதலாகின்றது.

இவ்வஞ்சனை எதனால் நிகழ்கின்றதென ஆராய்வோம். யூ.பி.ஐ. என்னும் பணப்பரிமாற்ற முறை 2016-ஆம் ஆண்டில் வந்தது. நாலு அல்லது ஆறு இலக்கமுடைய பின் எண் அதன் திறவுகோல். கோயில் உண்டியலை நினைவுகூர்மின். காசிடுவார் எவர்க்கும் சாவி வேண்டுவதில்லை. எடுப்பதற்கே சாவி வேண்டும். அங்ஙனமே நம் கணக்கிற் பணம் சேர நாம் எதனையும் நோக்கவேண்டுவதில்லை. எந்த எண்ணும் இடவேண்டுவதில்லை. பெரிய கடைவீதியிற் சென்று காண்மின். கடைக்காரர் தம் குறியை மேசைமீது ஒட்டி வைத்திருப்பார். வந்தவரே தம் கைப்பேசியால் அதனை நோக்கித் தம் பின் எண்ணை இடுவர். கடைக்காரர் வந்தவரது குறியை நோக்கிப் பணம் பெற்றதை எவரேனும் கண்டதுண்டா? விற்கும்பொழுது நாமே கடைக்காரர். நம் குறியைக் காட்டலாம். பிறர் குறியை நோக்கலாகாது.

எம் தொழிற்குரிய செய்தியொன்றையும் இங்குச் சொல்ல விழைகின்றோம். தமிழில் வாங்குதல் என்னும் ஒரு சொல்லே விலைக்குக் கொள்ளுதலையும், கையேற்றுப் பெறுதலையும் குறிக்கின்றது. பொருளை வாங்குபவன் பணத்தைக் கொடுக்கின்றான். பொருளைக் கொடுப்பவர் பணத்தை வாங்குகின்றார். மறுமுனையில் உள்ளவன் விரைந்து இவற்றை மாற்றி மாற்றிப் பேசும்போது முதியோர் மயங்குதல் இயல்பு. நான்காம் வேற்றுமை கொடைப்பொருளிலும், ஐந்தாம் வேற்றுமை நீங்கற்பொருளிலும் வருமெனச் சிறுவர்க்குக் கற்பிக்கின்றோமன்றோ? என் கணக்கிற்கு என்பது ஒன்று. என் கணக்கினின்று என்பது முற்றும் வேறு. திரையில் ‘பே’ என்று ஆங்கிலத்தில் இருப்பின், கொடு என்பதே அதன் பொருள். ‘டெபிட்’ என்பது நீங்கியது. ‘கிரெடிட்’ என்பது சேர்ந்தது. பீம், கூகுள் பே, போன்பே முதலிய செயலிகளைத் தமிழிலேயே காட்டச் செய்யலாம். பேரன்மார் ஊருக்கு வரும்போது முதற்கண் இதனைச் செய்து தருதல் நன்று. அஃது அவர் வாங்கிவரும் இனிப்பினும் பயனுடையது.

பணம் தருமாறு ஒருவர் மற்றொருவர்க்குக் கோரிக்கை அனுப்பும் வசதி யூ.பி.ஐ.யில் முன்பு இருந்தது. அது வஞ்சகர்க்குப் பெரிதும் பயன்பட்டமையால், தனிநபர்க்கிடையே அம்முறை 2025 அக்டோபர் முதல் நிறுத்தப்பட்டது. எனினும் குறியை அனுப்பும் சூது நிற்கவில்லை. 15,000 சேர்ந்ததாக வங்கியின் செய்தி போன்ற பொய்ச் செய்தியை அனுப்புவாரும் உளர். 1,500-க்கு மாறாக 15,000 அனுப்பிவிட்டேன், மிகுதியைத் திருப்புங்கள், மருத்துவமனையில் இருக்கின்றேன் என்று அழுவாரும் உளர். செய்தியை நம்பாது, கணக்கைத் திறந்து இருப்பைப் பார்த்தல் வேண்டும். ஒருவன் சொற்கேட்டுப் புதிய செயலியைக் கைப்பேசியில் ஏற்றுதலும், நம் திரையை அவன் காணச் செய்தலும் கூடவே கூடா.

இனி, பொருளைக் கைமாற்றுதல். நம் முன்னோர் வீட்டின் முன் திண்ணை வைத்தது வெயிலுக்காக மட்டும் அன்று. வந்தவர் திண்ணையில் இருப்பர். அறிந்த பின்னரே கூடத்துக்கு வருவர். ஊஞ்சலும் கட்டிலும் பார்க்க வருவாரைப் பகற்பொழுதில், வீட்டில் இருவரேனும் இருக்கும்போது வரச்சொல்லி, பொருளை முன்னரே வாயிலருகே கொண்டு வைத்துக் காட்டலாம். கைப்பேசி, கைக்கடிகாரம் போன்ற சிறுபொருளாயின் வங்கிக் கிளையின் வாயிலிலோ, சத்திரம் பேருந்து நிலையம் போன்று மக்கள் நெருங்கிய இடத்திலோ காட்டுதல் நன்று. ரொக்கமாயின் வங்கியிலேயே எண்ணிச் செலுத்திவிடலாம். விளம்பரப் படத்தில் வீட்டு எண்ணும், பின்புறத்து இரும்புப் பெட்டகமும், பெண்மக்கள் முகமும் விழாதபடி பார்த்துக்கொள்க. பழைய கைப்பேசியை விற்குமுன் அதிலுள்ள வங்கிச் செயலிகளையும் கணக்குகளையும் நீக்கி, முற்றும் அழித்து, சிம் அட்டையை எடுத்துவிடல் வேண்டும்.

வண்டி விற்பதில் வேறொரு தீங்கு மறைந்துள்ளது. பணம் முழுதும் கைக்கு வந்து, வண்டியும் போனபின்னும் பதிவுப் புத்தகத்தில் நம் பெயரே நிற்குமாயின், அவ்வண்டி ஒருவர்மீது மோதினால் இழப்பீட்டுக்கு நாமே பொறுப்பாளராவோம்; உச்சநீதிமன்றம் 2018 பிப்ரவரியில் அங்ஙனமே தீர்ப்பளித்தது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆம் பிரிவின்படி, மாநிலத்துள்ளேயே விற்பவர் 14 நாளுக்குள் பதிவு அதிகாரிக்கு அறிவித்தல் வேண்டும். 29, 30 என்னும் எண்ணுடைய படிவங்களில் வெற்றுக் கையொப்பமிட்டுக் கொடுத்துவிட்டு, வாங்கியவரே மாற்றிக்கொள்வார் என்றிருத்தல் நம் மக்களிடையே பெருவழக்காயுள்ளது. பெயர் மாறிய பதிவுச் சான்றின் படியைக் கண்ணாற் காணும்வரை உறங்கலாகாது.

பழைய நாணயத்துக்கும் நோட்டுக்கும் இலட்சக்கணக்கில் விலை தருவதாகச் சொல்லி, முதலில் வரி, கட்டணம் என்று பறிப்பாரும் உளர். இதற்கு ரிசர்வ் வங்கியின் பெயரையே பயன்படுத்தினமையால், தனக்கு இதிற் றொடர்பில்லையென 2021 ஆகஸ்டில் அவ்வங்கி அறிவித்தது. விற்பவரிடமே முன்பணம் கேட்பவன் வாங்க வந்தவனல்லன். பேச்சை அங்கேயே முடித்துவிடலாம்.

இழந்துவிட்டால் யாது செய்வது? 1930 என்னும் எண்ணுக்கு அப்பொழுதே பேசுதல் வேண்டும். சைபர் குற்றங்களுக்கென மைய அரசு நடத்தும் இணையதளத்திலும் முறையீடு பதியலாம். பணம் ஒரு கணக்கினின்று மறு கணக்கிற்கும், அங்கிருந்து வேறொன்றிற்கும் ஓடிக்கொண்டேயிருக்கும். எந்த வங்கியில் நிற்கும்போது செய்தி போய்ச் சேர்கின்றதோ, அங்கு அதனை நிறுத்திவைக்க இயலும். ஆகலின் நாழிகையும் பணமே. நம் வங்கிக்கும் உடனே அறிவித்தல் இன்றியமையாதது. நாமே எண்ணை இட்டதனால் நேர்ந்த இழப்பு, அறிவிக்குமளவும் நம்மையே சாருமென்றும், அறிவித்தபின் நேர்வது வங்கியைச் சாருமென்றும் 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி விதி வகுத்தது. கணிப்பொறி வழியே ஆள்மாறாட்டஞ் செய்து ஏமாற்றுவோர்க்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவில் மூன்றாண்டு வரை சிறையும், ஓரிலட்சம் வரை அபராதமும் உண்டு. அழைத்த எண், வந்த குறி, நடந்த உரையாடல் ஆகியவற்றைச் சினத்தால் அழித்துவிடாமல் வைத்திருத்தல் வேண்டும். கண்ணகியின் வழக்கு நின்றதும், சிலம்பென்னும் சான்றினாலன்றோ?

மேற்கூறிய அம்மையார் இரண்டு நாள் எவரிடமும் வாய்திறக்கவில்லை. மைந்தர் கடிவரென்றும், மருமகள் நகைப்பளென்றும் அஞ்சினாராம். மூன்றாம் நாள் கோயிலிற் கண்ணீரோடு நின்றவரைக் கண்டு, எம் இல்லத்தார் வினவியபின்னரே செய்தி வெளிப்பட்டது. காவலரிடம் முறையிட்டும், அதற்குள் பணம் பல கை கடந்துவிட்டது. இளைஞர்காள்! இழந்த தொகையைக் காட்டிலும் உங்கள் சினத்துக்கே அவர் பெரிதும் அஞ்சினார் என்பதைக் குறித்துக்கொள்வீராக. தாயோ பாட்டியோ இத்தகைய செய்தி சொல்ல வரும்போது முதலில் 1930-க்கு அழைத்துவிட்டு, எஞ்சியதைப் பின்னர்ப் பேசிக்கொள்ளலாம்.

காரியதரிசியவர்களோடு கலந்து பேசினோம். அடுத்த இதழ் முதற்கொண்டு, அங்கத்தினர் விற்க விரும்பும் வீட்டுப் பொருள்களை நம் இதழின் கடைசிப் பக்கத்திற் கட்டணமின்றி அச்சிட இசைந்துள்ளனர். பொருளின் பெயரும், அளவும், விலையும் மட்டும் எழுதுக, முகவரி வேண்டா. கேட்டு வருவாரைச் சங்கமே விசாரித்து அனுப்பிவைக்கும். அம்மையாரின் ஊஞ்சல் இன்னும் கூடத்திலேயே உள்ளது. அப்பக்கத்தில் அது முதலாவதாக வரும். ஏனையோர் குறிப்புகள் மாதம் 10-ஆம் தேதிக்குள் சங்க அலுவலகத்தை அடைதல் வேண்டும்.