கெல்லி கோட்டையும் நம் முன்னோரும்

(பாகான் டத்தோ வட்டாரத் தோட்ட மக்களுக்கான உரை)



பாகான் டத்தோவில் கடலைச் சேரும் பேரா ஆற்றில் கிந்தா ஆற்று நீரும் கலந்துள்ளது. அக்கிந்தாவின் கிளையாறான ராயா ஆற்றின் அருகே, பத்து காஜா வட்டாரத்தில், கெல்லி கோட்டை நிற்கின்றது. ஸ்காட்லாந்தினரான வில்லியம் கெல்லி ஸ்மித் என்னும் ரப்பர்த் தோட்ட முதலாளி, 1915ஆம் ஆண்டில் இதனைக் கட்டத் தொடங்கினார்.

தொலைவிலிருந்து காண்போர் இதனைக் கற்கோட்டை என்றே எண்ணுவர். நெருங்கிச் சென்றாலோ, காரையில்லாத இடங்களில் செங்கல் வரிசைகள் தெரியும். வளைவுகள் கொண்ட தாழ்வாரங்கள் வெயிலைத் தடுத்துக் காற்றை உள்ளே விடுகின்றன. உயர்ந்த கோபுரத்தில் மின்தூக்கிக்கும் இடம் விடப்பட்டது.

இவ்வேலைக்கெனத் தமிழகத்திலிருந்து தொழிலாளர் வரவழைக்கப்பட்டனர். நச்சுக் காய்ச்சல் பரவி அவர்களுள் பலர் மாண்டனர். எஞ்சியோர் மாரியம்மனுக்குக் கோயில் வேண்டினர், கோயிலும் எழுந்தது. அதன் மேல்தளச் சிலைகளிடையே, தொப்பியணிந்த துரையின் உருவத்தை இன்றும் காணலாம்.

1926ஆம் ஆண்டில் ஸ்மித் லிஸ்பன் நகரில் காலமானார். மாளிகை முற்றுப்பெறாமலே நின்றது. அது முதலாளியின் பெயரால் வழங்குகிறது. செங்கல் அடுக்கியோருக்கு அப்பேறு வாய்க்கவில்லை.

ஆதலால், அங்குச் செல்லுங்கால் சுவர்களில் கிறுக்காது, "இது நம்மவர் கைவேலை" என்று பிள்ளைகளுக்குக் காட்டுவோம். நம் தோட்டத்துக் கோயிலையும் பள்ளியையும் எழுப்பிய பெரியோரின் பெயர்களை, மூத்தோரிடம் கேட்டு இன்றே எழுதி வைப்போமாக!