யாழ்ப்பாணத்து விவிலியம்



இறைவனை எச்சொல்லால் அழைப்பது? விவிலியத்தைத் தமிழாக்கியோர் யாவரையும் வருத்திய வினா இது.

யாழ்ப்பாணத்திலே பேர்சிவல் பாதிரியார், சைவராகிய ஆறுமுக நாவலரின் துணைகொண்டு ஆக்கிய மொழிபெயர்ப்பு 1850-இல் வெளிவந்தது. பப்ரிசியஸ் ஐயர் ‘பராபரன்’ என்று எழுதிய இடத்தில் இது ‘தேவன்’ என்றது. தேவன் என்றால் பலருள் ஒருவன் என்று பொருள்படுமே என்பது எதிர்ப்போர் வாதம். மேலும், பப்ரிசியஸின் சொற்களாலேயே செபித்துப் பழகிய தமிழகத்தார்க்குப் புதுநடை அந்நியமாயிற்று. அவர்கள் அதனை ஏற்றிலர்.

ஆயினும் 1871-இல் பவர் ஐயர் தலைமையில் வெளிவந்த திருத்தப் பதிப்பு ‘தேவன்’ என்பதையே கைக்கொண்டது. 1995-இல் வந்த திருவிவிலியமோ ‘கடவுள்’ என்றது.

அகராதிப் பொருள் மட்டுமன்று, நாவின் பழக்கமும் சேர்ந்தே மறைமொழியை நிலைநிறுத்துகிறது. இரண்டில் ஒன்றை மறந்தோர்க்கு இவ்வழக்கு விளங்காது.