அம்மா கேட்டால் பிள்ளை படிக்கும்

(கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சேமிப்பு, உள்கடன், வங்கி இணைப்பு என்று மாதாமாதம் பேசுகிறோம். இன்றைக்கு வீட்டில் பிள்ளைகளோடு சேர்ந்து புத்தகம் படிப்பது பற்றிப் பேசலாம். "நானே கைநாட்டு, நான் எங்கே பிள்ளைக்குச் சொல்லித் தர்றது?" என்று சில அக்காமார் கேட்பது காதில் விழுகிறது. இந்தப் பேச்சே அவங்களுக்காகத்தான்.

தமிழ்நாட்டில் அரசின் மகளிர் சுய உதவிக் குழுக்கள் முதலில் தொடங்கியது நம்ம தருமபுரி மாவட்டத்தில்தான். 1989-ஆம் ஆண்டு, பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கினார்கள். அப்போது தீர்மானப் புத்தகத்தில் பெயர் எழுத வேண்டும் என்பதற்காகவே எழுத்துக் கற்ற பெண்கள் பலர். பிறகு அறிவொளி இயக்கமும் வந்தது. ஆனாலும் 2011-ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பில், நம்ம மாவட்டத்தில் ஏழு வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களில் 100-க்கு சுமார் 60 பேர்தான் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். பெண்கள் படிப்பில் அன்றைக்கு மாநிலத்திலேயே கடைசி இடம் நமக்குத்தான்.

கற்றுக்கொண்ட எழுத்தும் அரிவாள் மாதிரிதான். எடுத்துப் பயன்படுத்தாவிட்டால் துருப்பிடித்துப் போகும். கையெழுத்துப் போடத் தெரியும், ஆனால் கடன் படிவத்தில் மேலே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கத் தெரியாது என்ற நிலையில் நம்மில் எத்தனை பேர் இருக்கிறோம்? வட்டி எவ்வளவு, யார் ஜாமீன் என்று படிக்காமல் போடும் கையெழுத்துக்கு நாம்தான் பதில் சொல்ல வேண்டும்.

நம்ம வீட்டிலேயே ஒரு வாத்தியார் இருக்கிறார். நாலாம் வகுப்பு, ஐந்தாம் வகுப்பு படிக்கும் நம்ம பிள்ளைதான் அந்த வாத்தியார். பிள்ளை சத்தம் போட்டுப் படிக்கட்டும், நாம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்போம். விரலை வைத்து வரியைக் காட்டச் சொல்வோம். இதில் பிள்ளைக்குத் தடங்கல் இல்லாமல் வாசிக்கப் பழக்கம் வரும், நமக்கும் மறந்து போன எழுத்து திரும்பி வரும். அம்மா ஆசையாய்க் கேட்கிறாள் என்றால் எந்தப் பிள்ளையும் இன்னும் ஒரு பக்கம் படிக்கும்.

நமக்குக் கதை தெரியாது என்று மட்டும் சொல்லாதீங்க. பாரதக் கூத்தை விடிய விடிய உட்கார்ந்து பார்த்தவர்கள் நாம். திரௌபதி சபதமும் கர்ணன் கதையும் நமக்கு மனப்பாடம். களி கிண்டும்போதும் புளி தட்டும்போதும் அதைப் பிள்ளைக்குச் சொல்லலாம். காதால் கேட்ட கதையைப் புத்தகத்தில் பார்க்கும்போது பிள்ளைக்கு வரும் சந்தோஷமே தனி.

திருச்சி மாவட்டம் துவரங்குறிச்சியில் 1968-இல் பிறந்தவர் கவிஞர் சல்மா. ஒன்பதாம் வகுப்போடு அவர் பள்ளிப் படிப்பு நின்று போனது. வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டிய நிலை. கடையில் சாமான் கட்டி வந்த காகிதத்தைக்கூட விடாமல் படித்தார். கல்யாணமான பிறகு அவர் எழுதுவது வீட்டில் பிடிக்கவில்லை. மறைத்து மறைத்து எழுதிய தாள்களைப் பெற்ற அம்மாதான் யாருக்கும் தெரியாமல் வெளியே கொண்டு போய், பத்திரிகைகளுக்குச் சேர வைத்தார். 2000-இல் சல்மாவின் முதல் கவிதைப் புத்தகம் வந்தது. 2001-இல் பொன்னம்பட்டி பேரூராட்சித் தலைவரானார். 2025-இல் மாநிலங்களவை உறுப்பினரும் ஆனார். அந்தத் தாளைச் சுமந்து போக அம்மாவுக்குப் பெரிய படிப்பு தேவைப்படவில்லை. மகள் பக்கம் நிற்கும் மனசும் தைரியமும்தான் தேவைப்பட்டது.

நம்ம பக்கத்தில் பத்தாவது முடிக்கும் முன்பே கல்யாணப் பேச்சு எடுக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. வேலைக்கு பெங்களூர் போகிறோம் என்று பிள்ளையையும் கூட்டிப் போவதும் உண்டு. தினமும் பெண் பிள்ளை படிப்பதைக் கேட்டுப் பழகிய அம்மாவுக்கு, அந்தப் படிப்பை நிறுத்த மனசு வராது. "இன்னும் படிக்கட்டும்" என்று வீட்டில் வாய் திறந்து சொல்லும் தெம்பும் அவளுக்கு வரும்.

புத்தகத்துக்குக் காசு எங்கே என்று கேட்கலாம். 2006-ஆம் ஆண்டு தொடங்கிய அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகம் அமைத்தார்கள். சில ஊர்களில் அது பூட்டியே கிடக்கிறது. நம்ம ஊரில் எப்படி என்று போய்ப் பாருங்கள். பூட்டியிருந்தால் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபைக் கூட்டங்களில் குழுவாக எழுந்து கேட்போம், தீர்மானமாக எழுத வைப்போம். பள்ளிக்கூடத்தில் 2023-இல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்துக்காக அச்சிட்ட சிறு புத்தகங்கள் இருக்கின்றன. நுழை, நட, ஓடு, பற என்று நாலு படிகளாகப் பிரித்திருக்கிறார்கள். எழுத்து பெரிசு, பக்கம் குறைவு. நமக்கும் அது ஏற்றதுதான். டீச்சரிடம் கேட்டுப் பாருங்கள்.

ஆகவே சகோதரிகளே, மூன்று வேலைகளை இன்றைக்கே முடிவு செய்வோம்.

ஒன்று, ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு டிவியை, செல்போனை ஓரமாக வைத்துவிட்டு, கால் மணி நேரம் பிள்ளை படிக்க நாம் கேட்பது.

இரண்டு, குழுக் கூட்டத்தில் சேமிப்பு எழுதி முடித்ததும் ஒரு உறுப்பினர் ஒரு பக்கம் வாசிப்பது. தடுமாறினால் யாரும் சிரிக்கக் கூடாது.

மூன்று, நூலகத்தின் பூட்டைத் திறக்க வைப்பது.

வாரம் பத்து ரூபாய் சேர்த்துத்தான் நாம் இவ்வளவு தூரம் வந்தோம். அதே மாதிரி தினம் ஒரு பக்கம் சேர்ப்போம். நகையை அடகு வைக்க நேரலாம், படித்ததை யாரும் அடகு பிடிக்க முடியாது.