மறதி பொய்யாகுமா?



தடியடியால் தலையிற் காயமுற்ற ஒருவர், “ஒன்றும் தெரியாது” என்று முதல்நாட் பொலிசாரிடம் கூறுகிறார். மூன்று வாரங்களின் பின் நடந்ததை விவரிக்கிறார். உடனே அவரைப் பொய்யரென்று சாடுவோம், கறுப்பங்கி அணிந்த நாம்! மருத்துவம் கூறுவதோ வேறு.

மூளை பலமாக அதிர்ந்தால், அடிபடுமுன் நிகழ்ந்தவை சில மறைந்துபோம். அடிபட்டபின்னும், கண்விழித்துப் பேசினாலும், புதியன மனத்திற் பதியா. நாட்செல்ல மறதி சுருங்கும். பெரும்பாலும் பழைய நினைவுகள் முந்திவரும்; விபத்தை அடுத்தவை பிந்திவரும். அடிவிழுந்த கணத்தை ஒட்டியவையோ பலருக்கு என்றுமே மீள்வதில்லை. ஆகவே, ஊர்வலத்திற் சென்றது நினைவிருக்க, அடித்தவன் முகம் நினைவில்லாதிருப்பது முரண்பாடு அன்று, அதுவே இயல்பு.

அடிபடாமலும் மறதி வரும். ஐம்பதைக் கடந்த சிலர், திடீரென “நான் ஏன் இங்கு வந்தேன்?” என்று ஒரே கேள்வியை ஓயாது கேட்பர். தம் பெயரும் வீட்டாரும் மறவார். 1964இல் பிசர், அடம்ஸ் என்னும் வைத்தியர்கள் இதனை விரிவாக ஆராய்ந்து பெயரிட்டனர். 24 மணித்தியாலத்துள் தெளியும். அந்நேரத்து நிகழ்ச்சிகள் மட்டும் மீளா. பாரிசவாதமும் இவ்வாறு தோன்றலாமாதலின், தாமதியாது வைத்தியரை நாடவேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது? 1959இல் இலண்டனிற் பொலிஸ் அதிகாரி ஒருவரைச் சுட்டுக்கொன்ற பொடோலா, கைதின்போது தலையிற் காயமுற்றமையால் யாவும் மறந்ததென்றான். அம்மறதி மெய்யோ என்பதை ஆராயவே தனியொரு ஜூரி அமர்ந்தது, பொய்யென்றது. மறதி மெய்யெனினும் விசாரணைக்குத் தடையாகாதென மேன்முறையீட்டு மன்றமும் தீர்த்தது. நவம்பர் 5இல் அவன் தூக்கிலிடப்பட்டான். அவனுக்காக நான் இரங்கவில்லை. எனினும், மெய்யாகவே மறந்தவன் தன் வழக்கறிஞருக்கு எதைச் சொல்வான்? கடுமையான விதிதான்.

தொண்டர்களே, உங்கள் கடமை யாது? காயமுற்றவரின் கட்டிலைச் சூழ்ந்து “இன்னார்தான் அடித்தார்” என்று சொல்லிக்கொடாதீர்! கேட்டதையே தன் நினைவென்று அவர் நம்பிவிடுவார்; குறுக்கு விசாரணையில் வழக்கும் சரியும். “இப்போது நினைவில்லை” என்றால் அவ்வாறே பதியச் செய்யுங்கள். “இப்போது” என்ற சொல் விடுபடலாகாது. எப்போது நினைவு தெளிந்ததென்பது வைத்தியசாலைக் குறிப்பில் ஏறட்டும். வாக்குமூலம் அவர் அறியாத மொழியில் எழுதப்பட்டதாயின், தமிழில் வாசித்து விளக்கப்படுமுன் ஒப்பமிட வேண்டாமென்று கூறுங்கள்.